கல்லில் எழுதிய பெயர்



கோயிலுக்குள் வந்து உட்கார்ந்ததும் ஒரு தடவை சுற்றிலும் பாருங்கள். பெஞ்சியின் முதுகில் ஒரு பெயர், மின்விசிறியின் இறக்கையில் ஒரு பெயர், கெபியின் அடியில் பதித்த சலவைக் கல்லில் ஒரு பெயர். ‘உபயம்’ என்று தொடங்கி, கொடுத்தவருடைய பெயரும் ஊரும் வருஷமும் எழுதியிருக்கும். பூசை நேரத்தில் சிறு பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிப்பது பூசைப் புத்தகத்தை அல்ல, இந்தப் பெயர்களைத்தான் என்பது பீடத்தில் நிற்கிற எனக்கும் தெரியும்!

இப்படிப் பெயர் எழுதுவதில் இரண்டு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று செய்தி: இன்னார், இன்ன வருஷத்தில், இதைச் செய்தார். மற்றொன்று மரியாதை: இவர் நன்றிக்குரியவர்; பிள்ளைகளே, நீங்களும் இவரைப்போல் ஆகுங்கள். செய்தி வேறு, மரியாதை வேறு. செய்தியை யாரும் மாற்ற முடியாது; நடந்தது நடந்ததுதான். மரியாதையோ கொடுக்கிறவர்கள் கையில் இருக்கிறது. தவறாகக் கொடுத்துவிட்டோம் என்று பிறகு கண்டால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் கூடும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டு இவ்வாரம் ஒரு கடினமான கேள்வியை ஆராய்வோம்.

மனிதரை அடிமைகளாக வாங்கியும் விற்றும் வாழ்ந்தவர்களுடைய பெயர்களை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அநேகக் கல்லூரிகளும் மண்டபங்களும் தெருக்களும் தாங்கி நின்றன. இன்னும் பல நிற்கின்றன. அவற்றை மாற்ற வேண்டுமா, வேண்டாமா? சென்ற சில ஆண்டுகளாக அந்த நாடுகளில் இதைப்பற்றிப் பலத்த வாக்குவாதம் நடக்கிறது. அந்நிய தேசத்துச் சண்டை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். அந்த வாக்குவாதம் எழுந்த இடங்களில் ஒன்று நம்முடைய சொந்த வீடு. விற்றவர்கள் குருக்கள், விற்கப்பட்டவர்களில் மிகப் பலர் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். ஆகவே இது நம் குடும்பத்துக் கதை. குடும்பத்துக் கதையைக் குடும்பத்தார் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்நாட்டின் முதல் மேற்றிராணியாரான ஜான் கரோல் ஆண்டகை 1789இல் ஸ்தாபித்தது. சேசு சபைக் குருக்கள் வளர்த்தது. அக்காலத்தில் அச்சபையாருக்கு மேரிலாந்து மாநிலத்தில் பெரிய தோட்டங்கள் இருந்தன. அவற்றில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க வம்சத்து அடிமைகள். அவர்களுடைய வியர்வையில் வந்த பணம் வேதபோதகத்துக்கும் கல்லூரிக்கும் உதவிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் பூசை செய்த குருவும், திங்கட்கிழமை அவர்களுக்கு எஜமானனும் ஒரே சபையார்தான்.

1830க்குப் பின்வந்த ஆண்டுகளில் தோட்டங்களில் வருமானம் போதவில்லை, கல்லூரிக்கோ பெருங்கடன். கல்லூரித் தலைவராக இருந்து பெரிய கட்டடங்களை எழுப்பிய தாமஸ் மலெடி சுவாமி, 1838இல் மேரிலாந்து சேசு சபையாருக்குத் தலைவராயிருந்தார். அப்போது கல்லூரித் தலைவராயிருந்த வில்லியம் மக்ஷெரி சுவாமி அவருக்குத் துணைநின்றார். தோட்டங்களிலிருந்த அடிமைகளைத் தூரத்து லூயிசியானா மாநிலத்துத் தோட்டக்காரர் இருவருக்கு 1,15,000 டாலர் விலைக்கு விற்றார்கள். பத்திரத்தின்படி 272 பேர். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் 314 பேர் வரை கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆண்கள், பெண்கள், பால் குடிக்கும் பிள்ளைகள், வயது சென்றவர்கள், எல்லாரும் அதில் அடக்கம்.

இந்த விற்பனைக்கு உரோமையிலிருந்த சேசு சபைப் பெரிய தலைவரான ரூத்தான் சுவாமி மூன்று நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்திருந்தார். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது. போகிற இடத்தில் அவர்கள் வேத கடமைகளை அனுசரிக்க வசதி இருக்க வேண்டும். பணத்தைக் கடன் தீர்ப்பதற்கும் அன்றாடச் செலவுக்கும் எடுக்கக் கூடாது. மூன்றும் மீறப்பட்டன. குடும்பங்கள் பல பிரிந்தன. கோயிலும் குருவும் இல்லாத தோட்டங்களில் பலர் விடப்பட்டார்கள். பணத்தில் சுமார் 17,000 டாலர் கல்லூரிக் கடனுக்குப் போயிற்று. அந்தக் கல்லூரியின் கட்டடம் ஒன்று மலெடி சுவாமியின் பெயரையும், இன்னொன்று மக்ஷெரி சுவாமியின் பெயரையும் நெடுங்காலம் தாங்கி நின்றன.

2015ஆம் ஆண்டு மலெடி மண்டபத்தைப் பழுதுபார்த்து மாணவர் விடுதியாகத் திறந்தபோது கேள்வி பிறந்தது. விற்கப்பட்டவர்களின் நிறத்தையும் வம்சத்தையும் உடைய மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். அவர்களில் ஒருவன், தன் மூதாதையை விற்றவராயிருக்கக்கூடிய மனிதரின் பெயர் பொறித்த வாசலுக்குள் நுழைந்து படுத்துறங்க வேண்டுமா? மாணவர்கள் தலைவருடைய அலுவலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். நிர்வாகத்தார் அமைத்திருந்த ஆலோசனைக் குழுவும் மாற்றம் வேண்டுமென்றது. அவ்வருஷம் நவம்பரில் இரண்டு பெயர்களும் நீக்கப்பட்டன. 2017 ஏப்ரல் 18ஆம் தேதி, விற்கப்பட்டவர்களின் வம்சத்தாரும் கூடியிருக்க, சேசு சபையார் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். மண்டபங்களுக்குப் புதிய பெயர்கள் சூட்டப்பட்டன. ஒன்று ஐசக் ஹாக்கின்ஸ்: விற்பனைப் பத்திரத்தில் முதலாவதாக எழுதியிருக்கும் பெயர், வயது 65. மற்றொன்று ஆன் மேரி பெக்ராஃப்ட்: அதே ஜார்ஜ்டவுனில் கறுப்பினச் சிறுமிகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, பின்பு கன்னியாஸ்திரியான ஒரு கறுப்பினப் பெண்மணி.

உங்களிடம் ஒளிப்பானேன்? இந்தச் செய்தியை முதலில் அறிந்தபோது என் மனம் பெயர் மாற்றியவர்கள் பக்கம் போகவில்லை. செத்துப்போய் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான ஒரு குருவின் பெயரைச் சுவரிலிருந்து உரித்தெடுப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று எண்ணினேன். என்னைப்போன்ற ஒரு குரு, கடன் தொல்லையில் அகப்பட்டுச் செய்த காரியம் என்று அவருக்காக வாதாடவும் செய்தேன். பிறகு அந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆற அமர நிறுத்துப் பார்த்தேன். அவை எடை குறைந்தவை என்று கண்டேன்.

முதலாவது, அக்காலத்து வழக்கம் அப்படி. இக்காலத்துத் தராசில் அவர்களை நிறுக்கலாமா என்பார்கள் சிலர். இதில் பாதி நியாயம் உண்டு. ஒருவனுடைய ஆத்துமத்தை நிறுக்கும் தராசு சர்வேசுரன் கையில் இருக்கிறது. மலெடி சுவாமி மோட்சத்தில் இருக்கிறாரா என்பது நம் கேள்வியல்ல. அவருக்காக நாம் ஜெபிக்கவும் வேண்டும். ஆனால் அக்காலத்தில் இது பாவமென்று யாருக்கும் தெரியாது என்பது மெய்யல்ல. அந்தத் தோட்டங்களிலிருந்த குருக்களிலேயே சிலர் விற்பனையை எதிர்த்தார்கள். ரூத்தான் சுவாமி நிபந்தனை போட்டதே மனச்சாட்சி உறுத்தியதால்தானே? விற்பனை நடந்த மறு வருஷம், 1839 டிசம்பர் 3ஆம் தேதி, 16ஆம் கிரகோரி பாப்பரசர் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து நிருபம் விடுத்தார். அதற்கு ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு மேல் முன்பே, நான்காம் நூற்றாண்டில், நீசா நகரத்து அர்ச். கிரகோரியார், சர்வேசுரனுடைய சாயலாய்ப் படைக்கப்பட்டவனுக்கு விலை குறிக்க எவனால் ஆகும் என்ற கருத்தில் பிரசங்கித்திருக்கிறார். திருச்சபைக்குள் எல்லாரும் இப்படிப் பேசவில்லை என்பதையும் மறைக்கலாகாது; 1452இல் 5ஆம் நிக்கோலாஸ் பாப்பரசர் பிற சமயத்தாரை அடிமைப்படுத்தப் போர்த்துக்கல் அரசனுக்கு அதிகாரம் கொடுத்ததும் நம் சரித்திரந்தான். ஆனாலும் வெளிச்சம் இல்லாமற்போகவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, அக்காலத்து மனிதர் என்று சொல்லும்போது அடிமைகளையும் அதில் சேர்க்க வேண்டாமா? தாயையும் பிள்ளையையும் பிரிப்பது பாவம் என்று அந்தத் தாய்க்கு அன்றைக்கே தெரியும்.

இரண்டாவது, பெயரை எடுத்தால் சரித்திரம் அழிந்துபோகும் என்பார்கள். இங்கேதான் தொடக்கத்தில் சொன்ன வித்தியாசம் உதவுகிறது. இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரத்தைப் பாருங்கள். எட்வர்ட் கோல்ஸ்டன் (1636–1721) அந்த ஊரார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற அரச கம்பெனியின் நிர்வாகிகளில் ஒருவர். அவர் அதிலிருந்த காலத்தில் கம்பெனியின் கப்பல்கள் சுமார் 84,000 பேரை ஏற்றினவென்றும், அவர்களில் சுமார் 19,000 பேர் கடலிலேயே மாண்டார்களென்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். அவரோ சொந்த ஊரில் பள்ளிக்கூடங்களுக்கும் ஏழைகள் விடுதிகளுக்கும் வாரிக் கொடுத்தார். பசுவைக் கொன்று செருப்புத் தானம் பண்ணினாற்போல! 1895இல் ஊரார் அவருக்குச் சிலை வைத்தார்கள். பீடத்தில் எழுதியது அவருடைய புண்ணியத்தைப்பற்றித்தான், கப்பல்களைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. இப்படியிருக்க, சரித்திரத்தை மறைத்தது சிலையை எடுத்தவர்களா, வைத்தவர்களா?

2020 ஜூன் 7ஆம் தேதி ஒரு கூட்டம் அந்தச் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத்துத் தண்ணீரில் தள்ளிற்று. கூட்டம் கூடிச் செய்த அந்த முறையை நான் மெச்சவில்லை. கோபத்தில் கயிறு பிடிக்கிற கை நாளைக்கு எதை இழுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தைக் குறைசொல்லும் வாய், பல வருஷமாக மனுக்கொடுத்துக் கேட்டவர்களுக்குச் செவிகொடாத பெரியவர்களையும் குறைசொல்ல வேண்டும். பிற்பாடு சிலையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, கீறலும் மைப்பூச்சும் அப்படியே இருக்க, படுத்த நிலையில் ஊர் அருங்காட்சிச் சாலையில் வைத்தார்கள். கோல்ஸ்டன் மண்டபமும் அந்த வருஷத்திலேயே வேறு பெயர் பெற்றது. சரித்திரம் அழிந்ததா? பீடத்தில் சிலை நின்றபோது யாரும் நின்று கேளாத கதையை இன்று ஊர்ப் பிள்ளைகள் நின்று கேட்கிறார்கள். மரியாதை போயிற்று, செய்தி தங்கிற்று.

மூன்றாவது, பாவம் செய்யாதவன் யார், இப்படிப் பார்த்தால் எந்தப் பெயர்தான் மிஞ்சும் என்பார்கள். ஆண்டவரை மூன்று தரம் மறுதலித்த அர்ச். இராயப்பருடைய பெயரில் உலகமெங்கும் கோயில்கள் இருக்கின்றனவே! சபையைத் துன்பப்படுத்திய அர்ச். சின்னப்பருக்கும் அப்படியே. இது பலமான கேள்வி. விடையும் பலமானது. இராயப்பருடைய பாவத்தை நாம் மறைக்கவில்லை. சுவிசேஷத்தில் எழுதி ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் சப்தமாய் வாசிக்கிறோம். அவர் மனங்கசந்து அழுதார். சின்னப்பர் தம் குற்றத்தைத் தாமே எழுதி வைத்தார். மேலும், மறுதலித்ததற்காக நாம் இராயப்பரை மேன்மைப்படுத்தவில்லை. மனந்திரும்பி உயிரைக் கொடுத்ததற்காக மேன்மைப்படுத்துகிறோம்.

இதிலிருந்து ஓர் உரைகல் கிடைக்கிறது. பெயர் தாங்கியவர் பாவியா என்று கேளாதீர்கள், எல்லாரும் பாவிகள். எந்தச் செயலுக்காக அவருக்கு மரியாதை செய்தார்களோ, அந்தச் செயலுக்குள்ளேயே அந்த அநியாயம் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். மலெடி சுவாமிக்குக் கல்லூரியை வளர்த்ததற்காக மரியாதை. அந்த வளர்ச்சியின் கடனுக்குப் போன பணத்தில் மனிதருடைய விலை கலந்திருந்தது. புகழும் பாவமும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிய முடியாது.

இந்த உரைகல் எப்போதும் சுலபமாய் விடை சொல்லும் என்று நினைக்க வேண்டாம். அதே அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குப் பெயர் தந்த எலிஹு ஏல், நம் மதராஸ் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராயிருந்தவர். இங்கே பெருஞ்செல்வம் சேர்த்து ஊர் திரும்பி, 1718இல் அந்தச் சிறிய கல்லூரிக்கு 417 புத்தகங்களும், ஒன்பது மூட்டைச் சரக்கும், அரசரின் படமும் அனுப்பினார். அதற்கு நன்றியாகத்தான் அந்தப் பெயர். அவர் அதிகாரத்திலிருந்த நாட்களில் இக்கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேறினார்கள். அவர்களைப் பெற்றவர்கள் நம் கடற்கரையில் நின்றுதானே அழுதிருப்பார்கள்? அந்தப் பல்கலைக்கழகத்தில் கால்ஹூன் என்பவருடைய பெயரிலும் ஒரு கல்லூரி இருந்தது. அவர் அடிமைத்தனம் நன்மையே என்று 1837இல் அமெரிக்கச் செனட் சபையில் நின்று பேசிய ராஜதந்திரி. ராஜதந்திரத்துக்காக மரியாதை; ராஜதந்திரமோ அடிமைத்தனத்தைக் காப்பது. அந்தப் பெயரை 2017இல் மாற்றினார்கள். ஏல் என்ற பெயரையோ மாற்றவில்லை. 2024இல் அடிமைத்தனத்தோடு தங்களுக்கிருந்த தொடர்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

இது நியாயமா? முந்நூறு வருஷத்தில் அந்தப் பெயர் ஒரு மனிதனுடைய புகழாய் இராமல் ஒரு கலாசாலையின் அடையாளமாய் மாறிவிட்டது என்பது ஒரு வாதம். செல்வம் வந்த வழியை நினைத்தால் அதுவும் தேறாது என்பது எதிர்வாதம். நல்ல மனதுள்ளவர்கள் இங்கே இரண்டு விதமாய்த் தீர்ப்புச் சொல்லலாம். ஒன்று மட்டும் நிச்சயம்: பெயரை வைத்துக்கொள்கிறவர்கள் அந்தக் கதையை மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இனி, என் மனதில் அதிகப் பாரமாயிருக்கும் காரியத்துக்கு வருகிறேன். பெயரை மாற்றியதோடு எல்லாம் முடிந்ததா? பெயர்ப்பலகையைக் கழற்ற ஓர் ஏணியும் ஓர் ஆளும் போதும். போஞ்சு பிலாத்துவும் ஒரு தட்டுத் தண்ணீரில் கைகழுவினான். அவ்வளவு மலிவாக மனச்சாட்சிக்கு அமைதி கிடைத்ததாக எண்ணினான். பலகையைக் கழற்றிவிட்டு நாங்கள் சுத்தமானோம் என்று சொல்கிறவன் பிலாத்துவின் தட்டையே ஏந்துகிறான்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை எத்தனை? ஞானோபதேசத்தில் சிறு பிள்ளைகள் ஐந்து என்று ஒப்பிப்பார்கள். ஆத்தும சோதனை செய்தல், மனஸ்தாபப்படுதல், இனிப் பாவஞ் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்தல், பாவத்தை வெளிப்படுத்துதல், அபராதம் தீர்த்தல். பழைய ஏடுகளைத் தேடி விற்கப்பட்டவர்களின் பெயர்களைக் கண்டுபிடித்தது ஆத்தும சோதனை. பெயரை மாற்றி மன்னிப்புக் கேட்டது வெளிப்படுத்துதல். ஐந்தாவது எங்கே? ஏழாம் கற்பனைக்கு விரோதமாய்த் திருடினவன், பொருளைத் திருப்பிக் கொடுக்க மனதில்லாமல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டால், நான் அவனுக்குப் பாவப் பொறுத்தல் கொடுக்க முடியுமா? சக்கேயு, ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்ததும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புவேன் என்றல்லவோ எழுந்து நின்றான்!

இப்போதிருக்கிறவர்கள் யாரையும் விற்கவில்லையே, அவர்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். தகப்பனுடைய பாவம் பிள்ளையின் ஆத்துமத்தில் ஒட்டாது, மெய்தான். ஆனால் தகப்பன் அபகரித்த வயல் பிள்ளையின் கைக்கு வருகிறது. வயலை வைத்துக்கொண்டு கடனை மட்டும் எனக்கல்ல என்று சொல்ல எந்தப் பஞ்சாயத்தார் ஒப்புவார்கள்? ஜார்ஜ்டவுன் மாணவர்கள் இதை உணர்ந்தார்கள். 272 பேருடைய நினைவாக, ஒவ்வொரு பருவமும் 27 டாலர் 20 சென்ட் தங்கள் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்று 2019இல் வாக்கெடுத்தபோது, மூன்றில் இரண்டு பங்கினர் சரி என்றார்கள். பல்கலைக்கழகம் அந்தக் கட்டணத்தை விதியாமல், அதற்கீடான தொகையை வேறு வழியில் திரட்டுவதாகச் சொல்லிற்று. 2021இல் சேசு சபையார் 10 கோடி டாலர் திரட்டித் தருவதாக அந்த வம்சத்தாருக்கு வாக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம், வாக்கு நடையாய் நடக்கிறது, பணம் வரவில்லை என்று வம்சத்தார் முறையிட்டார்கள். 2023இல் சபையாரும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்தார்கள். பெயரை மாற்ற இரண்டு வருஷம் போதுமாயிருந்தது. அபராதம் தீர்ப்பது இன்னும் முடியவில்லை. எது கடினம் என்று இதிலிருந்தே தெரிகிறதல்லவா?

ஆகவே என் முடிவு இது. மரியாதைக்குரிய செயலிலேயே அநியாயம் கலந்திருந்தால் பெயரை மாற்றுவது நியாயம். அது பழிவாங்குதலல்ல, உண்மை சொல்லுதல். மாற்றுகிறவர்கள் பழைய பெயரையும் அதன் கதையையும் ஒளிக்காமல் எழுதி வைக்க வேண்டும். ஆலோசித்து, பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டு, ஒழுங்காய்ச் செய்ய வேண்டும். அபராதம் தீர்க்காத பெயர் மாற்றமோ, பாதியில் எழுந்து போன பாவசங்கீர்த்தனம்.

கடைசியாக ஒரு பெயர். விற்கப்பட்டவர்களில் ஹாக்கின்ஸ் குடும்பத்துச் சிறுவன் கொர்னேலியுஸ், அப்போது சுமார் 13 வயதுள்ளவன். லூயிசியானா தோட்டத்தில் அவன் இருந்த இடத்துக்குக் கோயில் வெகு தூரம். வளர்ந்து, கோயிலில்லாமலே கலியாணம் முடித்தான். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை வந்தது. பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்ட வயதில், அவனும் அவன் மனைவியும் ஒரு குருவின்முன் நின்று தங்கள் கலியாண வாக்குத்தத்தத்தைப் புதுப்பித்துக்கொண்டார்கள். மாரிங்குவின் என்ற சிற்றூரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறான். அவன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கத்தோலிக்கராகவே வாழ்ந்தார்கள். விற்ற குருக்கள் கைவிட்ட விசுவாசத்தை விற்கப்பட்ட சிறுவன் கைவிடவில்லை! இதை அறிந்த அன்றுதான் மலெடி சுவாமிக்காக நான் வாதாடுவதை நிறுத்தினேன். ஜார்ஜ்டவுன் கல்லூரியைத் தாங்கியவர்களில் இவனும் ஒருவன். கல்லில் பெயர் ஏற 179 வருஷம் ஆயிற்று, அதுவும் ஐசக் ஹாக்கின்ஸ் என்ற குடும்பப் பெயராக.

அடுத்த ஞாயிறு கோயிலில் அந்த உபயக் கற்களை வாசிக்கும்போது, கொடுத்தவர்களுக்காக ஜெபியுங்கள். அந்தக் கல்லைத் தலையில் சுமந்து வந்தவர்கள் யார், அவர்களுக்குக் கூலி நேராய்க் கொடுத்தோமா என்று பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டும் பாருங்கள். பிள்ளைகள் எப்படியும் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் போகிறார்கள். எழுதப்படாத பெயர்களையும் சேர்த்து வாசிக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம்.

சர்வேசுரனுடைய ஆசீர்வாதம் உங்கள் குடும்பங்களில் தங்குவதாக.

உங்கள் பங்குக் குரு